தகவல் கட்டுரை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கக் குழந்தைக்குக் கற்றுத்தருவது: முதல்முறை சொல்லித்தருபவர்களுக்கு

எரிமலை பற்றிய இரண்டு பக்கப் பாடத்தை ஒரு குழந்தை தடங்கலில்லாமல் வாசித்து முடிக்கிறது. "என்ன படித்தாய்?" என்றால், "எரிமலை பற்றி" என்கிறது. "அதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது?" என்றால் நாலைந்து துணுக்குகள் வந்து விழுகின்றன. சூடாக இருக்கும், சாம்பல் வரும், கடலுக்கடியிலும் உண்டு. எது எதற்குக் காரணம், எதற்குப் பிறகு எது என்ற கோவை மட்டும் வரவில்லை. எழுத்துக் கூட்டுவதிலோ சொற்பொருளிலோ குழந்தைக்குத் தடுமாற்றம் கிடையாது. எழுதியவர் அந்தச் செய்திகளை எந்த ஒழுங்கில் கோத்தார் என்பதை யாரும் அதற்குக் காட்டித்தரவில்லை.

அந்த ஒழுங்கைத்தான் இங்கே அமைப்பு என்கிறோம். வரிசை, ஒப்பீடு, காரணம்–விளைவு, சிக்கல்–தீர்வு, விவரிப்பு என்று ஐந்து அமைப்புகளைப் பார்க்கப்போகிறோம். இதைக் காட்டித்தர முடியும். ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கே இது பலன் தருகிறது என்று வகுப்பறை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புதிதாகச் சொல்லித்தர வருகிறவர்கள் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அமைப்பைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் என்று ஆங்கிலத்தில் கிடைக்கும் பட்டியலைத் தமிழாக்கிச் சுவரில் ஒட்டி, "இந்தச் சொல் வந்தால் இந்த அமைப்பு" என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். தமிழில் அந்தப் பட்டியல் சீக்கிரமே கைவிட்டுவிடும். ஏன் என்பதை 5ஆம் படியில் விரிவாகப் பார்க்கலாம். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன்: வயது, நேரம், பொருள்கள்

ஒரு பத்தியைத் தானே வாசிக்கத் தெரிந்த குழந்தை போதும். இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் வாசித்துக் காட்டி, எல்லாவற்றையும் வாய்மொழியாகவே செய்யலாம். எழுத்துக் கூட்டுவதும் அமைப்பைத் தேடுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டும் கெடும்.

வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 25 நிமிடம், பத்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 அமர்வுகள், மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். "ஒரே வாரத்தில் ஐந்து அமைப்பையும் முடித்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால், குழந்தை ஐந்து பெயர்களை ஒப்பிக்கிறது என்றே பொருள்.

காசு அதிகம் செலவாகாது. வெள்ளைத்தாள், பென்சில், மூன்று நிறக் கலர் பென்சில்கள், பத்திகள். இந்தப் பத்திகளைத் தயாரிப்பதில்தான் உங்கள் உழைப்பெல்லாம் போகும்.

ஒரு குழப்பத்தை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுங்கள். தலைப்பு, துணைத்தலைப்பு, படம், படக்குறிப்பு, தடித்த எழுத்து, பொருளடக்கம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள். அவற்றைச் சொல்லித்தருவதும் அவசியம், ஆனால் அது வேறு பாடம். அமைப்பு என்பது செய்திகளுக்கு இடையே உள்ள உறவு. உறுப்புகளையெல்லாம் அழித்துவிட்டு வெறும் வாக்கியங்களை மட்டும் கொடுத்தாலும் அது அப்படியே இருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தினால், "இதன் அமைப்பு என்ன?" என்ற கேள்விக்குக் குழந்தை "படம் இருக்கிறது" என்று பதில் சொல்லும்.

2. பத்திகளைத் தயாரியுங்கள்

ஓர் அமைப்புக்கு 4 வீதம் 20 பத்திகள், கலந்து கொடுக்க 6, கடைசிச் சோதனைக்கு 6. ஆக 32 வேண்டும். சோதனைப் பத்திகளை முதலிலேயே எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் பத்தி தீர்ந்துபோய், சோதனைக்கு வைத்ததையே பாடத்துக்கு எடுத்துவிடுவீர்கள்.

ஒரு பத்தி 40 முதல் 60 சொற்களுக்குள் இருக்கட்டும். தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே உருபும் விகுதியும் அடங்கிவிடுவதால் 50 சொல் என்பது நிறைவான பத்தி. ஆங்கிலப் பயிற்சித்தாள்களின் கணக்கைப் பார்த்து 100 சொல் எழுதினால் எட்டு வயதுக் குழந்தை நடுவிலேயே களைத்துவிடும்.

பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்கலாமா? முதல் எட்டு வாரத்துக்கு வேண்டாம். பாடங்களில் ஒரு பத்திக்குள்ளேயே இரண்டு மூன்று அமைப்புகள் கலந்திருக்கும். அதிலிருந்து செய்தியை எடுத்துக்கொண்டு பத்தியை நீங்களே திருத்தி எழுதுங்கள். குழந்தைக்குப் பொருள் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். அறிமுகமே இல்லாத பொருளைப் பற்றிய பத்தி என்றால் புதுச்சொற்களோடு மல்லுக்கட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

3. அமைப்புக்குப் பெயர் வைக்கும் முன் கேள்வியைக் கொடுங்கள்

ஐந்து அமைப்புகளையும் ஐந்து கேள்விகளாகச் சொல்லிக்கொடுங்கள். எழுதுகிறவர் எப்போதும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் குழந்தையின் வேலை.

வரிசை: எதற்குப் பிறகு எது?
ஒப்பீடு: இரண்டும் எதில் ஒன்று, எதில் வேறு?
காரணம்–விளைவு: ஏன் நடந்தது, அதனால் என்ன ஆயிற்று?
சிக்கல்–தீர்வு: என்ன தொல்லை, அதற்கு என்ன செய்தார்கள்?
விவரிப்பு: இது எப்படிப்பட்டது?

முதல் இரண்டு வாரம் பெயர்களை வாயிலேயே எடுக்காதீர்கள். "இவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார்?" என்பது மட்டும் போதும். கேள்வி பழகிய பிறகு பெயரை அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம். பெயரை முதலில் கொடுத்தால் குழந்தை பத்தியைப் படிக்காமல் பெயரை ஊகிக்கத் தொடங்கிவிடும். ஐந்தே பெயர்கள் இருப்பதால் ஐந்தில் ஒரு முறை ஊகமும் சரியாக அமையும். அந்தத் தற்செயலைத் தேர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள்.

4. எந்த அமைப்பு முதலில்

வாரம் 1, 2 வரிசை. 3, 4 ஒப்பீடு. 5, 6 காரணம்–விளைவு. 7 சிக்கல்–தீர்வு. 8 விவரிப்பு. 9, 10 எல்லாம் கலந்து.

கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்கு வரிசை ஏற்கெனவே பழக்கம், அதனால் அது முதலில். விவரிப்பு பார்க்க எளிதாகத் தெரிவதால் பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது தவறு. விவரிப்புக்கென்று உறுதியான அடையாளம் எதுவும் கிடையாது. நிறம், அளவு, வாழுமிடம், உணவு என்று எந்த வரிசையில் வேண்டுமானாலும் செய்திகள் வரலாம், வாக்கியங்களை இடம் மாற்றினாலும் பத்தி குலையாது. மற்ற நான்கையும் தெரிந்த குழந்தைதான் "இது நான்கிலும் சேரவில்லை" என்று பிரித்தறியும். முதலிலேயே விவரிப்பைச் சொல்லிக்கொடுத்தால் பிறகு வரும் எல்லாப் பத்திகளும் அதன் கண்ணுக்கு விவரிப்பாகவே தெரியும். எல்லாப் பத்தியும் எதையோ ஒன்றை விவரிக்கத்தானே செய்கிறது!

மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வோர் அமர்விலும் பழைய அமைப்பில் ஒரு பத்தியையும் சேர்த்துக் கொடுங்கள். வாரம் முழுக்க ஒப்பீடு மட்டும் வந்தால், இரண்டாம் நாளிலிருந்தே குழந்தை வாசிக்காமல் விடை சொல்லிவிடும்.

5. தமிழில் அடையாளம் சொல்லின் வாலில் இருக்கிறது

ஆங்கிலத்தில் காரணத்தையும் வரிசையையும் பெரும்பாலும் தனிச்சொற்கள் காட்டுகின்றன. தமிழில் அந்த வேலையில் பெரும்பகுதியை உருபுகளும் விகுதிகளும் வினையெச்சங்களும் செய்கின்றன. 'முதலில், பிறகு, ஆனால், எனவே' என்று பட்டியல் போட்டால் மீனில் பாதி வலையிலேயே விழாது. விழுவதிலும் சில வேறு மீனாக இருக்கும்.

வினையெச்சத்திலிருந்து தொடங்குங்கள். "நீர் சூடாகி, ஆவியாகி, மேலெழுந்து, குளிர்ந்து, மேகமாகிறது." ஐந்து படிகள், ஒரே வாக்கியம். 'முதலில்' இல்லை, 'பிறகு' இல்லை. சொற்பட்டியல் வைத்துத் தேடும் குழந்தை இதில் வரிசையே இல்லை என்று சொல்லும். இதற்கு ஒரு பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு வினையெச்சத்துக்குப் பின்னும் சாய்கோடு போட்டு, மேலே 1, 2, 3 என்று எண் எழுதச் சொல்லுங்கள். இரண்டு அமர்வுகளில் பிடிபட்டுவிடும்.

இதே வினையெச்சம் காரணத்தையும் காட்டும். "பாறை வெயிலில் சூடேறி விரிசல் விட்டது" என்பதில் சூடேறியது முன்னால் நடந்தது மட்டுமல்ல, விரிசலுக்குக் காரணமும் அதுதான். பிரித்தறிய ஒரு கேள்வி உண்டு. "முன்னது நடக்காமல் இருந்திருந்தாலும் பின்னது நடந்திருக்குமா?" நடந்திருக்கும் என்றால் வெறும் வரிசை. நடந்திருக்காது என்றால் காரணம். நீர் ஆவியாகும் வாக்கியத்துக்கே இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் காரணமும் அதில் கலந்திருப்பது தெரியும். குழந்தை இதைத் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னால் மறுக்காதீர்கள். எழுதியவர் படிகளை அடுக்குவதற்காக எழுதினாரா, ஏன் என்று விளக்குவதற்காக எழுதினாரா என்று பத்தி முழுவதையும் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது 'ஆல்'. இது மூன்று வேடம் போடும். "மழை பெய்தால்" என்பதில் நிபந்தனை. "இரும்பால் செய்த பாலம்" என்பதில் மூலப்பொருள். "வெப்பத்தால் விரிகிறது" என்பதில் காரணம். சோதிக்கும் வழி எளிது. 'ஆல்' இருக்கும் இடத்தில் 'காரணமாக' என்று போட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். "வெப்பம் காரணமாக விரிகிறது" காதுக்கு இசைகிறது. "இரும்பு காரணமாகச் செய்த பாலம்" இசையவில்லை. குழந்தையின் காது இதில் நன்றாகவே வேலை செய்யும்.

இவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், ஒரே நாளில் கொட்டிவிட வேண்டாம்:

'ஆனால்' என்றவுடன் வேறுபாடு என்று எழுதிவிடுவார்கள். "ஆவி குளிர்ந்து நீரானால்" என்பதிலுள்ள 'ஆனால்' நிபந்தனை. சொல்லோடு ஒட்டி வருகிறதா, வாக்கியத்தின் தலையில் தனியே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

'அதனால்' சில நேரம் 'அதைக் கொண்டு' என்றே பொருள்படும். "தும்பிக்கை யானைக்குக் கை போன்றது. அதனால் கிளையை ஒடிக்கும்." இங்கே தும்பிக்கை கருவிதான்.

'முதல்' என்பது வரிசையும் காட்டும், எல்லையும் காட்டும். "காலை முதல் மாலை வரை" என்பதில் படி எதுவும் இல்லை. 'பின்' என்பது காலமாகவும் இருக்கலாம், இடமாகவும் இருக்கலாம். "கண்ணுக்குப் பின் உள்ள நரம்பு" என்பதை வரிசை என்று குறித்த தாள்களைக் கண்டிப்பாகப் பார்ப்பீர்கள்.

'போல' ஒப்பீடு. 'போன்ற' பல இடங்களில் எடுத்துக்காட்டு. "இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள்" என்பதில் இரும்பையும் செம்பையும் யாரும் ஒப்பிடவில்லை.

ஒப்பீட்டின் உண்மையான அடையாளங்கள் பெரும்பாலும் சின்னவை. "வௌவாலும் பறவையும் பறக்கும்" என்பதிலுள்ள இரண்டு 'உம்' ஒற்றுமையைச் சொல்கிறது. "பறவை முட்டையிடும், வௌவாலோ குட்டி போடும்" என்பதிலுள்ள 'ஓ' வேற்றுமையைச் சொல்கிறது. இவற்றோடு 'விட', 'காட்டிலும்' இரண்டையும் சேர்த்து நாலுக்கும் ஒரே நிறத்தால் வட்டமிட வையுங்கள்.

சிக்கல்–தீர்வில் கவனிக்க வேண்டியவை 'தடுக்க, குறைக்க, தவிர்க்க, காக்க' போன்ற எச்சங்கள். "மண் அரிப்பைத் தடுக்க மரம் நடுகிறார்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் 'தடுக்க' என்பதற்கு முன் சிக்கல் நிற்கிறது, பின் தீர்வு நிற்கிறது. காரணம்–விளைவோடு குழம்பினால், "இதை மாற்ற யாராவது ஏதாவது செய்தார்களா?" என்று கேளுங்கள். செய்திருந்தால் சிக்கல்–தீர்வு.

சுவரில் ஏதாவது ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெறும் சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதி, வாலை மட்டும் நிறத்தில் காட்டுங்கள்.

6. ஒரு நாள் வகுப்பு, நிமிடக் கணக்கில்

முதல் 3 நிமிடம்: போன முறை வாசித்த பத்தி எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்று நினைவுகூர்தல். தாளைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த 5 நிமிடம்: ஒரு பத்தியை நீங்கள் வாசித்து, மனதில் ஓடுவதை உரக்கச் சொல்லுங்கள். "இந்த முதல் வாக்கியம் இரண்டு பூச்சிகளின் பெயரையும் சொல்கிறது. ஒப்பிடப்போகிறார் போலிருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் ஒன்றைப் பற்றி மட்டும்தான் வருகிறது, என் ஊகம் தப்போ? இல்லை, இதோ 'ஓ' வந்துவிட்டது." சந்தேகப்படுவதையும் திருத்திக்கொள்வதையும் குழந்தை காதால் கேட்க வேண்டும். எப்போதும் முதல் தடவையே சரியாகச் சொல்லிக்காட்டினால், இதெல்லாம் பெரியவர்களுக்கு மட்டும் தெரியும் வித்தை என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்த 7 நிமிடம்: அதே அமைப்பில் இன்னொரு பத்தியைக் குழந்தை தானே வாசித்து, சான்றாக நிற்கும் சொல்லுக்கோ வாலுக்கோ அடிக்கோடிடும். பிறகு 6 நிமிடம் வரைபடம். கடைசி 4 நிமிடம் தாளைக் கவிழ்த்துவிட்டு, வரைபடத்தை மட்டும் பார்த்து வாயால் திரும்பச் சொல்லுதல். நேரம் போதாவிட்டால் வரைபடத்தைச் சுருக்குங்கள். திரும்பச் சொல்லுவதை ஒருநாளும் விடாதீர்கள்.

7. அமைப்புக்கு ஏற்ற வரைபடம்

வரிசைக்குக் கட்டங்களும் அம்புகளும் போதும். திரும்பத் திரும்ப நிகழ்வதற்கு மட்டும் வட்டம் போடுங்கள். தவளையின் வாழ்க்கை வட்டத்தில் வரும். ஒரு கிணறு தோண்டும் முறை வட்டத்தில் வராது. வட்டம் அழகாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துவிடுகிறார்கள்.

ஒப்பீட்டுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்களை எல்லோரும் வரைவார்கள். அதைவிட மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை நல்லது. நடுவில் 'எதில்?' என்று தலைப்பு, இருபுறமும் ஒப்பிடப்படுபவை. சிலந்தியையும் பூச்சியையும் எடுத்துக்கொண்டால், நடுவில் கால்கள், இடப்புறம் 8, வலப்புறம் 6. நடுவில் உடற்பகுதிகள், இடப்புறம் 2, வலப்புறம் 3. நடுவில் உணர்கொம்பு, இடப்புறம் இல்லை, வலப்புறம் உண்டு. வட்டங்களில் எழுதும் குழந்தை ஒரு பக்கம் "எட்டுக் கால்" என்றும் மறுபக்கம் "இறக்கை உண்டு" என்றும் எழுதிவிட்டு ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்ளும். நடுவிலுள்ள நெடுவரிசை அந்தத் தப்பைச் செய்யவிடாது.

காரணம்–விளைவுக்கு அம்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் விளைவு முன்னால் வந்து காரணம் பின்னால் வருவது சாதாரணம். "பகலில் வானம் நீலமாகத் தெரிகிறது. காற்றிலுள்ள மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதே இதற்குக் காரணம்." முதலில் வந்ததுதான் காரணம் என்று நினைத்துக் குழந்தை அம்பைத் தலைகீழாகப் போடும். போட்ட அம்பை "ஏனென்றால்" என்று சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். "மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன, ஏனென்றால் வானம் நீலமாகத் தெரிகிறது" என்று வாசித்தவுடன் அதற்கே சிரிப்பு வந்துவிடும்.

8. ஒரே பொருள், ஐந்து பத்தி

ஒன்பதாம் வாரத்தின் முதல் அமர்வு இது. பத்து வாரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பொருள் மாறாமல் அமைப்பு மட்டும் மாறும்போதுதான், அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர் எழுதுகிறவர் என்பது குழந்தைக்கு உறைக்கும். கீழே துருவைப் பற்றி, வழக்கத்தைவிடச் சிறிய ஐந்து பத்திகள் இருக்கின்றன. அ, ஆ என்ற எழுத்துக்குறிகளை எடுத்துவிட்டு, தனித்தனித் தாளில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள்.

அ. துரு செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். தொட்டால் சொரசொரக்கும். தேய்த்தால் விரலில் பொடியாக ஒட்டும். தடித்த துரு செதில் செதிலாக உரிந்து வரும். வேதியியலில் இதை நீரேறிய இரும்பு ஆக்சைடு என்பார்கள்.

ஆ. பூச்சில்லாத இரும்பு ஆணி ஒன்றை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முதலில் அதன் பளபளப்பு மங்கும். அடுத்துச் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அவை பரவி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஆணி முழுவதையும் மூடும். நாள்கள் செல்லச் செல்ல மேற்பரப்பு செதிலாக உதிரும்.

இ. இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிவதால் துரு உண்டாகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துருப்பிடிக்காது. உப்பு நீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்துவதால் இந்த வினை விரைவுபடுகிறது. கடலோரத்தில் இரும்புக் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான்.

ஈ. இரும்பும் அலுமினியமும் ஆக்சிஜனோடு வினைபுரியும். அலுமினியத்தின் மேல் உண்டாகும் மெல்லிய படலம் இறுகப் பற்றிக்கொண்டு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் மேல் படியும் துருவோ பிடிப்பில்லாமல் உதிரும்; அடியிலுள்ள இரும்பு மறுபடியும் ஈரத்துக்கும் காற்றுக்கும் ஆளாகும்.

உ. துருப்பிடித்தால் இரும்புப் பாலம் வலுவிழக்கும். அதைத் தடுக்க, காற்றும் ஈரமும் படாதபடி பெயின்ட் அடிக்கிறார்கள். உரசி அசையும் பாகங்களில் பெயின்ட் நிற்காது என்பதால் அங்கே கிரீஸ் தடவுகிறார்கள். தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கிறார்கள். பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும்.

குழந்தை தடுமாறுவது பெரும்பாலும் 'உ'வில்தான். 'துருப்பிடித்தால்', 'என்பதால்' இரண்டையும் பார்த்துவிட்டுக் காரணம்–விளைவு என்று சொல்லும். "இந்தப் பத்தியை எழுதியவர் துரு ஏன் வருகிறது என்று சொல்லித்தருகிறாரா, துருவை என்ன செய்யலாம் என்று சொல்லித்தருகிறாரா?" என்று கேளுங்கள். 'உ'வில் 'முதலில்' என்ற சொல்லும் இருக்கிறது, பத்தியோ வரிசை அல்ல. சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

9. பாடப்புத்தகத்துக்குப் போகுங்கள்

இப்போதுதான் கலப்புப் பத்திகளுக்கு நேரம். ஒரு பாடம் முழுவதற்கும் ஓர் அமைப்பு இருக்கும். அதற்குள் ஒவ்வொரு பத்திக்கும் வேறு வேறு அமைப்பு இருக்கலாம். காட்டுத்தீ பற்றிய பாடம் மொத்தத்தில் சிக்கல்–தீர்வாக இருக்கும். அதன் இரண்டாம் பத்தி தீ எப்படிப் பரவுகிறது என்று காரணத்தைச் சொல்லும். நான்காம் பத்தி தீயணைக்கும் கருவியை விவரிக்கும்.

முதலில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது பதில் சொல்லும் கேள்வியைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கேள்விகளை மட்டும் வரிசையாக வாசித்துவிட்டு, "இத்தனை கேள்வியும் சேர்ந்து எந்தப் பெரிய கேள்விக்கு உதவுகின்றன?" என்று கேளுங்கள். தலைப்பைப் பார்த்தும் முதல் வாக்கியத்தைப் பார்த்தும் மட்டும் முடிவு செய்ய விடாதீர்கள். "தேனீக்கள்" என்ற தலைப்பின் கீழ் எந்த அமைப்பும் வரலாம்.

10. எழுத வையுங்கள்

பத்தாம் வாரம் குழந்தையே எழுதட்டும். வாசித்த பத்தியை இரண்டு வாக்கியத்தில் சுருக்க, இட்டு நிரப்பும் இந்த வாக்கியச் சட்டகங்களைக் கொடுங்கள். வரிசைக்கு: "___ பல படிகளில் நடக்கிறது. முதலில் ___, கடைசியில் ___." ஒப்பீட்டுக்கு: "இரண்டும் ___ என்பதில் ஒன்று. ___ என்பதில் வேறு." காரணத்துக்கு: "___ நடப்பதற்குக் காரணம் ___." சிக்கலுக்கு: "___ என்பது தொல்லை. அதைத் தீர்க்க ___ செய்கிறார்கள்." விவரிப்புக்கு: "இந்தப் பத்தி ___ பற்றியது. அதன் ___, ___ ஆகியவற்றைச் சொல்கிறது."

சட்டகம் ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்படாது. குழந்தை அதை மீறி எழுதத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள்.

11. கற்றுக்கொண்டதா என்று பார்ப்பது

தனியே எடுத்து வைத்த ஆறு பத்திகளை இரண்டு அமர்வுகளில் மூன்று மூன்றாகக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அமைப்பு? பத்தியில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? தாளைப் பார்க்காமல் சுருக்கிச் சொல். கேள்விக்கு ஒரு மதிப்பெண், ஆக 18. பெயர் சரியாக இருந்து சான்று தப்பாக இருந்தால் அது ஊகம், அந்தப் பெயருக்கு மதிப்பெண் வேண்டாம். உங்கள் விடையிலிருந்து பெயர் வேறுபட்டாலும், குழந்தை காட்டும் சான்று பத்தியில் உண்மையாகவே இருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். உங்கள் பத்தியே இரு பக்கமும் சாய்ந்திருக்கலாம்.

14 அல்லது அதற்கு மேல் வந்தால் மாதம் இரண்டு முறை ஒரு பாடத்தை எடுத்து 9ஆம் படியைச் செய்தால் போதும். அதற்குக் கீழே என்றால் எந்தக் கேள்வியில் மதிப்பெண் போனது என்று பாருங்கள். பெயரில் போனால் 3ஆம் படிக்கும், சான்றில் போனால் 5ஆம் படிக்கும், சுருக்கத்தில் போனால் 7ஆம் படிக்கும் திரும்புங்கள். திரும்பும்போது பழைய பத்திகளைப் பயன்படுத்தாதீர்கள். குழந்தைக்கு அவற்றின் விடைகள் நினைவிருக்கும்.